புதுச் சாலையை ஏன் தோண்டுகிறார்கள்? கடலூரிலும் புதுச்சேரியிலும் பொதுவேலைகள் நடக்கும் முறை

தார் போட்டு நாலு மாதம் ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் பொக்லைன் வந்து நிற்கும், நடுத்தெருவில் பள்ளம் விழும். குழாய் பதித்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அந்த இடம் உள்வாங்கும், அதில் ஒரு ஆட்டோ சக்கரம் இறங்கும், மறுநாள் நாளிதழில் படம் வரும். கடலூரில் இந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம்.

இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். எல்லாம் கமிஷன் என்பது ஒன்று, அதிகாரிகளுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் அங்கங்கே உண்மை இருக்கும். ஆனால் எல்லா நாற்காலியிலும் நேர்மையான, கெட்டிக்கார ஆட்களையே உட்கார வைத்தாலும் இந்தத் தோண்டல் பெருமளவு நடக்கத்தான் செய்யும். ஏனென்றால் ஒவ்வொரு வேலையும் தனிப் பணத்தோடு, தனிக் கெடுவோடு, தனித் துறை வழியாகத் தெருவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்து 'இது முதலில், அது பிறகு' என்று சொல்லும் முழு அதிகாரம் யார் கையிலும் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

அந்தச் சாலை யாருடையது?

நகருக்குள் நடக்கும்போது எல்லாச் சாலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோப்பில் அப்படி இல்லை. கடலூர் வட்டாரத்தில் ஒரு சாலை கீழ்க்கண்ட ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும்.

1. தேசிய நெடுஞ்சாலை. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை இந்த வகை. முன்பு 45ஏ, இப்போது எண் 32. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிப் பாதையைப் போடுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். இதில் மாநகராட்சி ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது.

2. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை. இவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் பொறுப்பு. கடலூர்–சித்தூர் சாலை இதில் வரும்.

3. மாநகராட்சிச் சாலை. மேலே உள்ள இரண்டிலும் சேராத நகரத் தெருக்கள், சந்துகள், நகர் விரிவாக்கப் பகுதிகளின் உள்சாலைகள்.

4. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும். நகரை ஒட்டிய கிராமங்களில் இவைதான் அதிகம். மதிப்பீடு போடுவது ஒன்றியப் பொறியாளர், கோப்பு நகர்வது வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக.

5. எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத சாலை. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மனைப்பிரிவு போடுகிறவர், சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவரை அந்த நிலம் தனியார் நிலம்தான். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் மாட்டும், அதனால் எந்தப் பொறியாளரும் அங்கே மதிப்பீடு போட மாட்டார். கடலூரைச் சுற்றிப் பல ஆண்டுகளாக அங்கீகாரம் இல்லாமலே மனைகள் விற்கப்பட்டன. 2017இல் தமிழக அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தன் மனையை மட்டும் வரன்முறை செய்துகொண்டவருக்கு வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடும், வீட்டு வாசலில் உள்ள பாதை பழைய நிலையிலேயே இருக்கலாம். 'வரி வாங்குகிறீர்களே, ரோடு ஏன் போடவில்லை?' என்று கேட்கும் நகர்களில் கணிசமானவற்றின் கதை இதுதான். பெரும்பாலும் கவுன்சிலருக்கும் விஷயம் தெரியும். வெளிப்படையாகச் சொன்னால் ஓட்டு போகும் என்று 'அடுத்த நிதியில் பார்க்கலாம்' என்பார்.

இன்னொரு குழப்பம், 'பி.டபிள்யூ.டி.' (பொதுப்பணித் துறை) என்ற சொல். சாலை, பாலம், வாய்க்கால், அரசுக் கட்டடம் எல்லாவற்றுக்கும் கடலூரில் இந்த ஒரே பெயரைச் சொல்கிறோம். நெடுஞ்சாலைத் துறை 1946லேயே பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்துவிட்டது. ஆறு, ஏரிகளைப் பார்க்கும் நீர்வளத் துறை 2021இல் தனித் துறை ஆனது. இன்று தமிழகத்தில் பொதுப்பணித் துறை என்றால் முக்கியமாக அரசுக் கட்டடங்கள்தான். மனுவைப் பொதுப்பணித் துறைக்கு எழுதினால், அது வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தும் 'எங்கள் எல்லையில் இல்லை' என்று திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் உரிமை இன்னும் துண்டாகும். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ, தண்டவாளத்தை ஒட்டிய பகுதியை ரயில்வே கட்டும், இரு பக்கத்து அணுகுசாலையை மாநில அரசுத் துறை கட்டும். இதுதான் பொதுவான நடைமுறை. இரண்டு டெண்டர், இரண்டு ஒப்பந்தக்காரர், இரண்டு வேகம். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நிற்கும் பாலங்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்திருக்கிறோம்.

மாநகராட்சி ஆனதால் என்ன மாறியது?

கடலூர் நகராட்சி 1866இல் அமைந்தது. 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து முதல் மாமன்றம் வந்தது. அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை, தமிழகத்தின் எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளையும் போலக் கடலூரும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் கையில்தான் இருந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தரத்தக்க 18 பணிகள் இருக்கின்றன: சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர், நகரமைப்பு என்று. 'தரத்தக்க' என்பதைக் கவனிக்க வேண்டும். எதை, எந்த அளவுக்குத் தருவது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நெடுங்காலம் கிடப்பில் இருந்து, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

மாநகராட்சி என்ற பெயரால் பொறியியல் பிரிவு பெரிதாகும், ஆணையரின் பதவி நிலை உயரும், சில திட்டங்களில் பங்கு கூடும். தெருவில் ஓடும் நெடுஞ்சாலையோ ஆற்றங்கரையோ மின்கம்பமோ மாநகராட்சிக்குச் சொந்தமாகிவிடாது. பலகை மாறினால் எல்லாம் மாறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

பணம் வரும் வழி

மாநகராட்சியின் சொந்த வருவாய் என்றால் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், கடை வாடகை, பேருந்து நிலையக் குத்தகை. இந்தப் பணத்தில் முதல் பங்கு சம்பளம், ஓய்வூதியம், துப்புரவு ஒப்பந்தம், மோட்டார்களுக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் என்று போய்விடும். மிச்சம்தான் சாலைக்கு. பல உள்ளாட்சிகளில் அந்த மிச்சம் சில்லறைப் பள்ளங்களை அடைக்கவே போதாது.

மாநிலம் தரும் பங்கு அடுத்தது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அதற்கப்புறம் மத்திய நிதி ஆணையத்தின் மானியம். 15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்குத் தந்த மானியத்தில் கடலூர் அளவிலான நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று நிபந்தனை போட்ட பணம். அதை எடுத்துச் சாலை போட முடியாது. 2022இல் தமிழகம் முழுக்கச் சொத்து வரி ஏறியபோது பலரும் கோபப்பட்டார்கள், கடலூர் போன்ற நகரங்களில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இரண்டு மடங்கு ஆனது. அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த மானியத்தைப் பெறச் சொத்து வரிக்கு அடிப்படை விகிதம் நிர்ணயிக்க வேண்டும் என்ற நிபந்தனை.

மூன்றாவது, திட்ட நிதி. குடிநீர், கழிவுநீருக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், தமிழ்நாடு நகர்ப்புற சாலை உட்கட்டமைப்புத் திட்டம், நமக்கு நாமே திட்டம் என்று பட்டியல் நீளும். எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி 5 கோடி. இவற்றில் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைத் திரட்டிக் கட்ட வேண்டும். வசதியான நகர் நலச் சங்கங்கள் அதைக் கட்டி வேலையை வாங்கிவிடும், குடிசைப் பகுதிகளுக்கு அது எட்டாது. திட்டத்தின் நோக்கம் நல்லதுதான், ஆனால் யாருக்கு முதலில் சாலை கிடைக்கிறது என்று பார்த்தால் நெருடுகிறது.

பணம் எங்கிருந்து வந்ததோ அதன் நிபந்தனையும் கூடவே வரும். குடிநீர்த் திட்டப் பணத்தில் குழாய் பதிக்கலாம், தோண்டிய அகலத்துக்கு மூடலாம், முழுச் சாலையையும் புதிதாகப் போட முடியாது. சாலைத் திட்டப் பணத்தில் தார் போடலாம், அடியில் உள்ள பழைய குழாயை மாற்ற முடியாது. இரண்டு பணமும் ஒரே ஆண்டில் ஒரே தெருவுக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு இன்னொன்று. கட்டுவதற்கு வெளியிலிருந்து பணம் வருகிறது, பராமரிக்க வருவதில்லை. குடிநீர் வடிகால் வாரியம் திட்டத்தைக் கட்டி முடித்து மாநகராட்சியிடம் ஒப்படைக்கும். மறுநாளிலிருந்து மின்கட்டணம், ஆள் கூலி, பழுது எல்லாம் மாநகராட்சித் தலையில். திறப்பு விழாவுக்கு ஆள் வருவார்கள். பத்து ஆண்டு கழித்துப் பம்பு மாற்றக் கோப்பு போட்டால், அதற்குப் பணத் தலைப்பே இருக்காது.

கோப்பிலிருந்து தெருவுக்கு

ஒரு மாநகராட்சிச் சாலை எப்படி உருவாகிறது?

1. தேவை. கவுன்சிலர் எழுதிக் கொடுப்பார், அல்லது உதவிப் பொறியாளர் பட்டியல் எடுப்பார். பகுதி சபைக் கூட்டத்திலும் சொல்லலாம். தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமசபைக்கு வரும் கூட்டத்தில் கால்வாசிகூட இதற்கு வருவதாகத் தெரியவில்லை.

2. மதிப்பீடு. பொறியாளர் நீள அகலம் அளந்து, அரசின் விலை விகிதப் பட்டியலை வைத்துத் தொகை போடுவார். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும்.

3. நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும். முன்னது, 'இந்த வேலைக்கு இவ்வளவு செலவழிக்கலாம்' என்ற ஒப்புதல். மாமன்றத் தீர்மானம் இங்கேதான் வரும். பின்னது, 'இந்த வடிவமைப்பும் அளவும் சரி' என்று உயர்நிலைப் பொறியாளர் தரும் ஒப்புதல். அமைச்சர் 'நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் முன்னதை. அதற்கும் ஜல்லி இறங்குவதற்கும் நடுவே மாதங்கள் இருக்கின்றன.

4. டெண்டர். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் இதற்குப் பொருந்தும். சிறிய வேலைக்குக் குறைந்தது 15 நாள், பெரிய வேலைக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

5. பணி ஆணை, வேலை, அளவீடு. ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து 'எம் புக்' எனும் அளவீட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பட்டியல் தொகை இதை வைத்துத்தான் வழங்கப்படும்.

6. குறைபாட்டுப் பொறுப்புக் காலம். வேலை முடிந்தபின் ஒப்பந்தத்தில் எழுதிய காலம் வரை, தரக்குறைவால் வரும் சேதத்தை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்காக அவர் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும்.

டெண்டரில் பொதுவாகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. மதிப்பீட்டைவிட மிகவும் இறக்கிச் சொல்கிறவர் அந்த வித்தியாசத்தை எங்கேயாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள தெரு. 30 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க் கலவை போட வேண்டுமென்றால் 24 கன மீட்டர் தேவை. 25 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 20 கன மீட்டர் போதும். கண்ணுக்குத் தெரியாத 5 மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு சரக்கு மிச்சம், ஏறக்குறைய 9 டன். எம் புக்கில் 30 என்று எழுதினால் வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்கச் சாலையில் துளை போட்டு உருளைத் துண்டு எடுத்து அளக்கும் சோதனை இருக்கிறது. அதை எங்கே எடுப்பது என்று ஒப்பந்தக்காரர் காட்டாமல் பொறியாளர் தேர்ந்தெடுத்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம்.

கனத்தைப் போலவே மட்டமும் முக்கியம். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போய்விட்ட பகுதிகள் கடலூரிலும் உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டும் இயந்திரம் குறுகிய சந்துக்குள் நுழையாது என்று சாக்குச் சொல்லி மேலேயே போடுவது இன்னும் நடக்கிறது. வாசலில் வேலை நடக்கும்போது பார்த்துக் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

சரி, தோண்டுவது ஏன்?

மேலே சொன்னதைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு, அனுமதி, டெண்டர் என்று போய்ப் பணி ஆணை கைக்கு வரும்போது பல வேலைகளுக்கு செப்டம்பர் ஆகிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தில் தார் ஒட்டாது, சூடு ஆறிய கலவை உருளையில் இறுகாது. ஆக மிச்சம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மார்ச் 31க்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த மூன்று மாதத்தில் சாலைக்காரரும் குழாய்க்காரரும் கேபிள்காரரும் ஒரே நேரத்தில் வருவார்கள். யார் முந்துவது என்பதைத் தேவை தீர்மானிப்பதில்லை, யாருடைய டெண்டர் முதலில் முடிந்தது என்பது தீர்மானிக்கிறது.

கடலூரின் சமீப வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. பாதாள சாக்கடைக்காக நகரத் தெருக்கள் தோண்டப்பட்டு, வேலை இழுத்துக்கொண்டே போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து மின்கம்பங்களை வாரிப் போட்டது. அதன்பின் உலக வங்கி நிதியுள்ள கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் கடலூருக்குப் புதைவட மின்கம்பிகள் வந்தன. புயல் அடிக்கும் ஊருக்கு மிகவும் தேவையான வேலை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் சாக்கடைக் குழாய் பதித்தபோது இந்தப் பணம் இல்லை, இந்தப் பணம் வந்தபோது அந்தக் குழி மூடப்பட்டுவிட்டது. அதே தெரு மறுபடி தோண்டப்பட்டது. இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் எரிச்சலூட்டும் விஷயம்.

தோண்டுகிறவர் சாலை உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கட்டிவிட்டால் மூடும் பொறுப்பு யாருடையது? பணம் பெற்ற மாநகராட்சிதான் தார் போட வேண்டும். அதற்கு மறுபடி மதிப்பீடு, மறுபடி டெண்டர். நடுவே ஒரு மழைக்காலம் போய்விடும். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்காமல், ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால் எந்தத் தாரும் அதன்மேல் நிற்காது. குழியின் ஆயுளை முடிவு செய்வது மேலே போடும் தார் இல்லை, அடியில் கொட்டும் மண்.

துறைகளுக்குள் பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கின்றன. எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தோண்ட மத்திய அரசு 2023இல் ஒரு செயலியும் கொண்டுவந்தது. அது குழாய் உடைவதைத் தடுக்கலாம். ஒருவரின் வேலையை இன்னொருவருக்காக ஆறு மாதம் தள்ளிப்போட அதற்கு அதிகாரம் இல்லை. பணம் காலாவதியாகும் என்றால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

வடிகாலைக் கட்டினாலும் தண்ணீர் ஏன் நிற்கிறது?

கடலூர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் ஊர். வடக்கே தென்பெண்ணை, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம், தெற்கே முதுநகர்ப் பக்கம் பரவனாறும் உப்பனாறும். இப்படிச் சமதரையான ஊரில் ஒரு வடிகாலுக்குக் கிடைக்கும் சரிவு மிகக் குறைவு. தெருவோரம் கட்டிய கால்வாய் கடைசியில் எதில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கேயும் சங்கிலி துண்டு துண்டாக இருக்கிறது. தெருவோர வடிகால் மாநகராட்சிக்கு, நெடுஞ்சாலையோர வடிகாலும் அதன் அடியில் போகும் சிறுபாலமும் நெடுஞ்சாலைத் துறைக்கு, ஆறும் அதன் கரையும் நீர்வளத் துறைக்கு. மாநகராட்சி ஒரு மீட்டர் அகலத்துக்கு வடிகால் கட்டி, அது சேரும் நெடுஞ்சாலைச் சிறுபாலம் அதைவிடக் குறுகலாக இருந்தால், முழு அமைப்பின் அளவும் அந்தச் சிறுபாலத்தின் அளவுதான். குறுகலான இடம் வேறொருவர் எல்லையில் இருப்பதால் மாநகராட்சி அதைத் தொடாது. தன் எல்லைக்குள் வெள்ளம் தேங்காததால் மற்ற துறைக்கு அவசரம் இருக்காது.

ஆற்றிலேயே வெள்ளம் வந்தால் கதை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியாக டிசம்பர் தொடக்கத்தில் கடலூர் ஓரப் பகுதிகளுக்குள் புகுந்தது. ஆற்றின் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், வடிகால் தண்ணீரை வெளியே விடாது, ஆற்று நீரைத்தான் உள்ளே கொண்டுவரும். அதைத் தடுக்க முகத்துவாரத்தில் மதகும், தேங்கும் நீரை இறைக்கப் பம்பும் வேண்டும். இரண்டும் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் தேவைப்படும் பொருள்கள் என்பதால் மற்ற 51 வாரமும் கவனிப்பார் இன்றித் துருப்பிடிக்கும். பல கோடி ரூபாய்க்குப் புது வடிகால் கட்டிய செய்தியைப் படிக்கும்போது, அது எங்கே போய் விழுகிறது என்ற வரி அந்தச் செய்தியில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

முள்ளோடையைத் தாண்டினால்

கடலூரிலிருந்து வடக்கே போனால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தொடங்கும். அங்கே அமைப்பே வேறு. தமிழகத்தில் பல துறைகளாகப் பிரிந்து கிடக்கும் வேலைகளைப் புதுச்சேரியில் பொதுப்பணித் துறை ஒன்றே வைத்திருக்கிறது. முக்கியச் சாலைகள், கட்டடங்கள், பாசன வாய்க்கால், குடிநீர், பாதாள சாக்கடை எல்லாம் அதன் கோட்டங்கள். மின்சாரமும் அரசின் ஒரு துறைதான். நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகள் எனும் கிராமப்புற உள்ளாட்சிகளுக்கும் உள்தெருக்கள், குப்பை, சிறு வடிகால்கள், சந்தை, வரிவசூல் போன்றவை மிச்சம்.

எல்லாம் ஒரே கையில் இருப்பதால் தோண்டல் பிரச்சினை அங்கே தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. ஒரே துறையின் குடிநீர்க் கோட்டமும் சாலைக் கோட்டமும் தனித்தனித் தலைப்பில் பணம் வாங்குகின்றன, தனித்தனியாக டெண்டர் விடுகின்றன. மழை வந்தால் இந்திரா காந்தி சதுக்கத்திலும் ரெயின்போ நகரிலும் தண்ணீர் நிற்கிறது.

புதுச்சேரிக்கு இன்னொரு குறை. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் வரை போய் நின்றது. எனவே புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் என்ற 5 நகராட்சிகளையும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளையும் ஆணையர்களே நடத்துகிறார்கள். வார்டு உறுப்பினர் செய்ய வேண்டிய வேலை எம்.எல்.ஏ.விடம் போகிறது. முப்பது தொகுதிகள் கொண்ட சின்னச் சட்டமன்றம், ஒவ்வொருவரும் தன் தொகுதியின் தெருச் சாலைக்குப் பூமி பூஜை போடுவார். புதுச்சேரி மத்திய நிதி ஆணையத்தின் வரம்புக்குள்ளும் வராது, அதனால் கடலூருக்கு வரும் அந்த மானியம் அங்கே உள்ளாட்சிக்கு இல்லை. கடற்கரைச் சாலையில் இருந்த நகராட்சியின் பழைய மேரி (பிரெஞ்சுக்கால நகரமன்ற) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதை அழகாகத் திரும்பக் கட்டிவிட்டார்கள், அதில் கூட வேண்டிய மன்றம்தான் இல்லை.

இதைப் பார்த்துக் கடலூர்க்காரர்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

தேர்தல் இருந்தால் சாலை நன்றாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மன்றக் கூட்டம் நடந்தால் அஜெண்டா அச்சாகும், எந்த வேலைக்கு எவ்வளவு தொகை என்பது அதில் வரும், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எழுந்து கத்துவார், நிருபர் எழுதுவார். ஆணையர் தனியாக ஒப்பமிடும் கோப்பில் இது எதுவும் நடக்காது.

எங்கே, எதைக் கேட்பது?

முதலில் சாலை யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறை சாலையின் பள்ளத்தை 2023இல் அந்தத் துறை தொடங்கிய 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதியலாம். மற்றவற்றுக்கு முதல்வரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், மாநகராட்சி அலுவலகம்.

மனுவில் 'சாலை சரியில்லை' என்று மட்டும் எழுதினால் 'நிதி வந்ததும் சரிசெய்யப்படும்' என்று பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, அந்தத் தெருவுக்கான மதிப்பீட்டு நகல், பணி ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பொறுப்புக் காலம் முடியாத சாலை என்றால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையை விடுவிக்கும் முன் பழுதைச் சரிசெய்யச் சொல்லி ஆணையருக்கு எழுதலாம். தோண்டிய இடம் என்றால், தோண்ட அனுமதி பெற்றது யார், சீரமைப்புக் கட்டணம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். பணம் கட்டப்பட்டிருந்தால் 'நிதி இல்லை' என்ற பதில் அங்கே செல்லாது. முறைகேடு என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்குப் போகலாம்.